வெயிலா, கூரையா: வாட்டர் பார்க்கில் ஐந்து நாட்கள்

முதல் நாள்

வீட்டில் தொடங்கிய விவாதம் எங்களோடு ரயிலிலும் ஏறிக்கொண்டது. ஐந்து பேர், ஐந்து நாள் விடுமுறை. போய்ச் சேரும் ஊரில் இரண்டு வாட்டர் பார்க்குகள் இருக்கின்றன. ஒன்று வானம் பார்த்தது, ஏக்கர் கணக்கில் பரந்து கிடப்பது. மற்றொன்று முழுக்கக் கூரைக்குள் அடங்கியது. வெளியே மழை கொட்டினாலும் வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஒரே பருவம்தான். தங்கும் விடுதியிலிருந்து இரண்டுக்கும் அரை மணி நேரப் பயணம். எதற்குப் போவது?

மகளுக்கு எட்டு வயது. எங்கே உயரமான சறுக்கு இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும் என்பது அவள் கட்சி. மகனுக்கு நான்கு வயது. தண்ணீரைக் கண்டால் விடமாட்டான், ஆனால் கொஞ்ச நேரத்திலேயே உதடு நீலம் பாரித்துவிடும். என் அப்பாவுக்கு 68 வயது. ஆற்றில் நீந்தி வளர்ந்த உடம்பு அவருடையது. இப்போது ஆஸ்துமா இருப்பதால் இன்ஹேலர் சட்டைப் பையை விட்டு இறங்குவதில்லை. எங்கே போனாலும் ஐவரும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது கணவரின் ஒரே நிபந்தனை. நான் பள்ளியில் வேதியியல் கற்பிப்பவள். குளத்து நீரைப் பார்த்ததும் அதில் என்ன கலந்திருக்கிறது என்றுதான் என் மனம் முதலில் கேட்கும்.

"முதல்முதலில் இதையெல்லாம் யாரம்மா கட்டினார்கள்?" என்று மகள் கேட்டாள்.

அமெரிக்காவின் ஓர்லாண்டோ நகரில் 1977இல் ஜார்ஜ் மில்லே என்பவர் 'வெட் அண்ட் வைல்ட்' என்ற பூங்காவைத் திறந்தார். இன்று நாம் பார்க்கும் சறுக்குகளும் அலைக்குளமும் சேர்ந்த வாட்டர் பார்க்கின் முன்னோடியாக அதைத்தான் சொல்கிறார்கள். 2016 கடைசியில் அதை மூடிவிட்டார்கள். கூரை போட்ட பூங்காக்கள் பெருகியதற்குக் குளிர் ஒரு முக்கியக் காரணம். கனடாவின் எட்மன்டன் நகரில் குளிர்காலம் நீண்டது. அங்குள்ள பேரங்காடி ஒன்றுக்குள் 1986இல் அலைக்குளத்தோடு ஒரு பூங்காவைத் திறந்தார்கள். வெளியே பனி கொட்டும்போது உள்ளே குழந்தைகள் நீச்சலுடையில் ஓடுவார்கள்.

அப்பாவுக்குப் பிடித்த கதை ஜெர்மனியில் இருப்பது. பெர்லினுக்குத் தெற்கே, சரக்கு ஏற்றும் ஆகாயக் கப்பல் கட்டுவதற்காக ஒரு கொட்டகை எழுப்பினார்கள். நீளம் 360 மீட்டர், அகலம் 210 மீட்டர், உயரம் 107 மீட்டர், நடுவில் ஒரு தூண்கூட இல்லை. அந்த நிறுவனம் 2002இல் நொடித்துப்போனது, கப்பல் பறக்கவே இல்லை. 2004இல் அதே கொட்டகைக்குள் மணல் கரையும் மழைக்காட்டுச் செடிகளும் வெதுவெதுப்பான நீருமாக ஒரு பூங்கா திறந்தது. அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "கப்பலுக்குக் கட்டிய வீட்டில் குளம் குடியேறிவிட்டது" என்றார்.

ஜப்பானில் மியாசாகி நகருக்கு அருகே 1993இல் திறந்த 'ஓஷன் டோம்' பற்றியும் சொன்னேன். கடற்கரைக்குப் பக்கத்திலேயே, கூரைக்குள் செயற்கைக் கடற்கரை. வானிலை நன்றாக இருந்தால் அந்தக் கூரையைத் திறந்து விலக்கவும் முடியும். வெயிலும் வேண்டும், கூரையும் வேண்டும் என்று கேட்பவர்களுக்காகவே கட்டியதுபோன்ற இடம். 2007இல் அதுவும் மூடப்பட்டது. மகள் வெகுநேரம் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

வானிலை அறிக்கையில் நாளை மறுநாள் மழை. ஆகவே நாளை திறந்தவெளி என்று முடிவாயிற்று. அது வானம் எடுத்த முடிவு. எங்கள் விவாதம் இன்னும் அப்படியே இருக்கிறது.

இரண்டாம் நாள்

கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றுவிட்டோம். திறந்தவெளிப் பூங்காவில் முதல் இரண்டு மணி நேரம் பொன்னானது. வெயில் ஏறியிருக்காது, சறுக்கின் படிக்கட்டில் வரிசை இருக்காது, தரை சுடாது.

உள்ளே நுழைந்ததும் மகளை நிறுத்தி அவள் நிழலைப் பார்க்கச் சொன்னேன். நிழல் அவளைவிட நீளமாக விழுந்திருந்தது. "இந்த நிழல் உன்னைவிடக் குட்டையாகிவிட்டால் வந்து சொல், நாம் கூடாரத்துக்குப் போய்விடுவோம்" என்றேன். புற ஊதாக் கதிரின் கடுமையை அறிய இதைவிட எளிய கருவி இல்லை. சூரியன் உச்சியை நெருங்க நெருங்க நிழல் சுருங்கும், கதிர் கூடும். உலகச் சுகாதார நிறுவனம் புற ஊதாக் குறியீடு 3ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை என்கிறது. நீருக்குள் இருந்தால் வெயில் தாக்காது என்று பலரும் நினைக்கிறார்கள். நீரின் மேற்பரப்பிலிருந்து அரை மீட்டர் கீழேயும் அந்தக் கதிரின் கடுமை 40 சதவீதம் மிஞ்சுகிறது. குளிர்ந்த நீர் தோலைத் தடவிக்கொண்டே இருப்பதால் சுடுவது தெரியாது, இரவில்தான் முதுகு எரியும். அதனால் பிள்ளைகள் இருவருக்கும் முழுக்கை நீச்சலுடை. முகம், கழுத்து, பாதத்தின் மேற்புறம் ஆகியவற்றில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, துண்டால் துடைத்தபின் ஒரு முறை என்று மறுபடி மறுபடி பூசினேன். பாதத்தை மறந்துவிடுபவர்கள் நிறையப் பேர். டியூபில் மல்லாந்து மிதக்கும்போது வெயிலைப் பார்த்து நீட்டியிருப்பது பாதம்தான்.

குழந்தைகள் குளத்தின் ஓரத்தில் குனிந்து, பையிலிருந்த சோதனைக் கீற்று ஒன்றை நீரில் நனைத்து எடுத்தேன். இந்தக் கீற்றுகள் கைக்கு அடக்கமானவை, யார் வேண்டுமானாலும் வாங்கலாம். சில விநாடிகளில் கட்டங்களில் நிறம் ஏறும்; டப்பாவின் மேல் அச்சிட்ட நிற அட்டவணையோடு வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரைப்படி குளத்து நீரில் குளோரின் குறைந்தது 1 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஒரு பங்கு) இருக்க வேண்டும், அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.0க்கும் 7.8க்கும் நடுவில் நிற்க வேண்டும். திறந்தவெளியில் இதைக் காப்பது கடினம். வெயில் குளோரினைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்க சயனூரிக் அமிலம் சேர்ப்பார்கள். அது குளோரினுக்குக் குடை பிடிக்கும், ஆனால் அதன் வேகத்தையும் குறைத்துவிடும். அதனால் அந்த அமிலம் சேர்த்த குளத்தில் குளோரின் 2 பிபிஎம்முக்குக் குறையக் கூடாது. என் கீற்றில் குளோரின் கட்டம் அடர்ந்த ஊதாவாக மாறியது. மனம் நிம்மதியடைந்தது. கீற்றை மகனிடம் கொடுத்தேன். அவன் அதைக் கொடிபோலப் பிடித்துக்கொண்டு தாத்தாவிடம் ஓடினான்.

உயரமான சறுக்கின் அடியில் அளவுகோல் நட்டிருந்தார்கள். 122 சென்டிமீட்டர். மகள் காலணியைக் கழற்றி, குதிகாலைக் கோலோடு ஒட்டி, மூச்சை இழுத்துப் பிடித்து நின்றாள். ஊழியர் தன் உள்ளங்கையை அவள் தலைமேல் தட்டையாக வைத்து, அப்படியே கோலை நோக்கி நகர்த்தினார். கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே. "இன்னும் கொஞ்சம் வளர்ந்து வா அம்மா" என்றார் கனிவோடு. அவள் ஒன்றும் பேசவில்லை. காலணியை மாட்டும்போது வார் துளையில் ஏறவே இல்லை; மூன்று முறை முயன்றாள். நான் குனிந்து மாட்டிவிட்டேன்.

இந்தக் கோடுகளைக் கண்டிப்பாகப் பார்க்கும் பூங்காவை நான் நம்புகிறேன். கெஞ்சினால் விட்டுவிடும் பூங்காவில் என் பிள்ளையை ஏற்றமாட்டேன். எடை குறைந்த உடம்பு சறுக்கில் எப்படித் திரும்பும் என்பதும், கீழே விழும் குளத்தில் கால் ஊன்றுமா என்பதும் அந்தக் கோட்டுக்குள்தான் இருக்கின்றன. ஆனால் என் தவறு ஒன்று உண்டு. கிளம்பும் முன்பே பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி அளந்து, எந்தச் சறுக்குக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டுவைத்திருக்க வேண்டும். அவள் அங்கே வந்து நின்று தெரிந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

அலைக்குளம் அப்பாவுக்கு உரியதாயிற்று. அலை எங்கிருந்து வருகிறது என்று பேத்திக்கு அவரே விளக்கினார். ஆழமான முனையில் சுவருக்குப் பின்னால் அறைகள் இருக்கின்றன. பெரிய விசிறிகள் அவற்றுக்குள் காற்றை அழுத்துகின்றன. காற்று நீரைத் தள்ளுகிறது. தள்ளுவதும் விடுவதும் மாறி மாறி நடக்கும்போது அலை எழுகிறது. சங்கு ஊதியதும் எல்லோரும் ஆரவாரத்தோடு உள்ளே ஓட, அப்பா மட்டும் ஓரமாக, தோள் உயர அலையில் நிதானமாகக் கைவீசிக் கொடுத்தார். ஆறு கற்றுக்கொடுத்த வீச்சு. அவரை நீரில் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மூச்சு வாங்கவில்லை, இருமல் இல்லை. வெளியே வந்து தலையைத் துவட்டும்போது முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

மகனை அலைக்குளத்தில் முழங்கால் ஆழத்தைத் தாண்ட விடவில்லை. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தும் கை எட்டும் தூரத்திலேயே நின்றேன். காற்றடைத்த கைப்பட்டைகளை நான் நம்புவதில்லை. அவை விளையாட்டுப் பொருள்கள், காற்றுப் போனால் பிள்ளையும் போய்விடும். நீரில் மூழ்கும் குழந்தை கூச்சலிடாது, கையையும் ஆட்டாது. மூச்சுக்கே போராடும் வாய்க்குக் குரல் எழுப்ப நேரமில்லை. டியூப்கள் நெருக்கமாக மிதக்கும் குளத்தில் அடியில் இருப்பவர் கண்ணில் படுவதும் கடினம். உயிர்காப்பாளர்களுக்கு '10/20' என்றொரு பயிற்சி முறை உண்டு. ஆபத்தில் இருப்பவரை 10 விநாடிக்குள் கண்டுகொள்ள வேண்டும், அடுத்த 20 விநாடிக்குள் அவரிடம் போய்ச் சேர வேண்டும். இங்கே உயரமான நாற்காலியில் இருந்த பெண்ணைச் சற்று நேரம் பார்த்தேன். தலை இடமிருந்து வலம், வலமிருந்து இடம், பிறகு நேர் கீழே. கைப்பேசி இல்லை, பேச்சு இல்லை. நல்ல பூங்காவின் அடையாளம் சறுக்கின் உயரத்தில் தெரியாது, அந்தத் தலையின் அசைவில் தெரியும்.

பதினொரு மணிக்கு வெயில் சுட்டெரிக்கும்போதே மகனின் பற்கள் தந்தியடித்தன. பார்ப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும், இந்த வெயிலில் குளிரா என்று. நீர் உடலின் சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். சின்ன உடம்பில் எடை குறைவு. அதோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். வெளியே வந்தாலும் ஈரத் தோலில் காற்றுப் பட்டதும் இன்னும் குளிரும். துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கன்னம் சூடு, உதடு நீலம். மறுபடி இறங்குவேன் என்று அழுதான். இறக்கவில்லை.

மகளின் நிழல் சுருங்கிவிட்டது. ஓடிவந்து சொன்னாள். தரையும் கொதித்தது, குளத்துக்கும் கூடாரத்துக்கும் இடையே வெறுங்காலோடு வந்தவர்கள் குதித்துக் குதித்து ஓடினார்கள். நீரில் போட்டுக்கொள்ளும் செருப்பு எங்களுக்கு உதவியது. மதியம் முழுக்க நிழலில் படுத்திருந்தோம். மாலை மூன்றரைக்குமேல், பூங்காவைச் சுற்றி மெல்ல ஓடும் செயற்கை ஆற்றில் டியூபில் ஒரு சுற்று. அப்பா கண்ணை மூடி மிதந்தார்.

மூன்றாம் நாள்

காலையிலேயே மேகம் கறுத்திருந்தது. ஆனாலும் மகளுக்காகக் கிளம்பினோம். இவளுக்கு ஏற்ற நடுத்தர உயரச் சறுக்குகள் அங்கே இன்னும் மூன்று மீதி இருந்தன.

முதல் சறுக்கின் படியில் பாதி ஏறியிருந்தாள். தொலைவில் ஓர் உறுமல். உடனே விசில்கள் ஊதின, குளங்கள் காலியாயின, படியில் நின்றவர்களை இறங்கச் சொன்னார்கள். இடி காதில் விழுந்துவிட்டால் மின்னல் எட்டும் தூரத்தில் நாம் இருக்கிறோம் என்று பொருள். கடைசி இடி கேட்டபின் 30 நிமிடம் கழிய வேண்டும் என்பது விதி. நடுவில் இன்னோர் இடி கேட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. இருபத்தைந்தாம் நிமிடத்தில் ஒன்று உறுமியது. மறுபடி காத்திருந்தோம். இருபதாம் நிமிடத்தில் இன்னொன்று. பிறகு மழை.

கணக்கை மாற்றச் சொல்லி ஒருவர் ஊழியரிடம் வாதாடினார். ஊழியர் அசையவில்லை. அவருக்கு என் நன்றி.

டிக்கெட் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மழைக்கும் இடிக்கும் மூடினால் வேறொரு நாள் வரவிடுவார்களா, எத்தனை மணி நேரம் மூடியிருந்தால் அது பொருந்தும் என்பது. நாங்கள் கேட்கவில்லை. எழுத்தில் இருந்தது, படிக்கவில்லை. நுழைந்து ஒரு மணி நேரம் கடந்துவிட்டதால் எங்களுக்கு மறுநுழைவு கிடைக்கவில்லை. திறந்தவெளிக்குப் போகிறவர்கள் கையில் ஒரு நாளை உபரியாக வைத்துக்கொண்டு போவது நல்லது. ஒரே நாள்தான் இருக்கிறது, அதுவும் மழைக்காலம் என்றால் கூரையைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

நான்காம் நாள்

கதவைத் தள்ளியதும் வெதுவெதுப்பான காற்று முகத்தில் மோதியது. மகன் துண்டை உதறிவிட்டு ஓடினான். பிறகு இரண்டு மணி நேரம் அவன் பற்கள் ஒரு முறைகூடத் தந்தியடிக்கவில்லை. உள்ளரங்கக் குளங்களில் காற்றின் வெப்பத்தை நீரின் வெப்பத்தைவிட ஓரிரு டிகிரி கூடுதலாக வைப்பது வழக்கம். நீர் ஆவியாவதும் குறையும், வெளியே வரும் உடம்பும் நடுங்காது. சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. பூங்கா சிறியது என்பதும் எனக்கு அருள்போலத் தோன்றியது. ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் குழந்தைகள் குளமும் சறுக்கின் வாயும் ஒரே பார்வைக்குள் அடங்கின. நேற்று முன்தினம் ஒருவரை ஒருவர் தேடியே கால் நொந்தது.

மகன் தன் விரல்நுனிகளை என்னிடம் நீட்டினான். "அம்மா, நான் தாத்தா ஆகிவிட்டேன்!" அத்தனை சுருக்கம். தோல் நீரை உறிஞ்சி ஊறுவதால் வருவதாகத்தான் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது நரம்புகளின் வேலை. தோலுக்கு அடியில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் மேல்தோல் மடிகிறது. நரம்பு அறுபட்ட விரலில் இந்தச் சுருக்கம் வராது. தாத்தாவின் விரலோடு தன் விரலை ஒட்டிவைத்து ஒப்பிட்டுப் பார்த்தான்.

இரைச்சல்தான் முதல் குறை. கூரையும் சுவரும் ஒலியைத் திருப்பித் திருப்பி எறிகின்றன. உயரத்தில் ஒரு பிரம்மாண்ட வாளி. நிரம்பியதும் தலைகீழாகக் கவிழும். அது கவிழும்போதெல்லாம் மகன் காதைப் பொத்திக்கொண்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பத்தடி தாண்டிக் கேட்காது. ஒரு கை உயர்த்தினால் 'நில்', இரண்டு கை உயர்த்தினால் 'வா' என்று பிள்ளைகளோடு சைகை பேசிவைத்துக்கொண்டோம்.

பதினொன்றரை மணி இருக்கும். கூட்டம் நெருக்கத் தொடங்கியது. பேருந்து பேருந்தாக வந்து இறங்கினார்கள். குளிக்காமல் நேரே நீரில் குதித்தவர்களே அதிகம். 'நீரில் இறங்கும் முன் குளிக்கவும்' என்ற பலகை சுவரில் தொங்கியது, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மெல்ல மெல்ல அந்த வாசம் ஏறியது. நீச்சல் குளத்தின் வாசம் என்று நாம் எல்லோரும் அறிந்த அந்தக் காட்டமான நெடி.

என் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன். அது சுத்தத்தின் வாசம் கிடையாது. சரியாகப் பராமரித்த குளத்தில் குளோரின் நெடி பெரிதாக எழாது. வியர்வை, சிறுநீர், தோலின் அழுக்கு இவற்றில் இருக்கும் நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் வினைபுரியும்போது குளோரமின்கள் பிறக்கின்றன. அவற்றில் டிரைகுளோரமின் எளிதில் காற்றோடு கலந்துவிடும். காற்றைவிடக் கனமானது என்பதால் நீர்ப்பரப்பின்மேலேயே போர்வைபோலப் படியும். நீந்துகிறவரின் மூக்கு இருக்கும் இடம் அதுதான். கண் எரிவதும் தொண்டை கரகரப்பதும் அதனால்தான். திறந்தவெளியில் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். கூரைக்குள் அதை வெளியேற்ற இயந்திரம் வேண்டும்; வெளிக்காற்றைப் போதுமான அளவு உள்ளே இழுக்க வேண்டும். வெளிக்காற்றை இழுத்தால் அதைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ மின்சாரம் செலவாகும். அங்கே மிச்சம் பிடித்தால் அதன் விலையை மார்பு கொடுக்கும்.

அப்பா கொடுத்தார். மெல்ல ஓடும் ஆற்றில் பேரனோடு டியூபில் வந்துகொண்டிருந்தவர், என் பக்கம் வரும்போது இரண்டு முறை இருமினார். அடுத்த சுற்றில் இருமல் நிற்கவில்லை. டியூபின் கைப்பிடியைப் பற்றியிருந்த விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. கணவர் இறங்கி மகனைத் தூக்கிக்கொள்ள, நான் அப்பாவைக் கைத்தாங்கலாக வெளியே அழைத்து வந்தேன். இன்ஹேலர் லாக்கரில் இருந்தது. லாக்கர் வரை ஓடிப்போய் வந்த அந்த நேரம் எவ்வளவு நீளம் என்பது எனக்குத்தான் தெரியும். மருந்தை இழுத்தார். வாசல் திண்டில் உட்கார்ந்து, வெளிக்காற்றில், பத்து நிமிடத்தில் மூச்சு சீரானது. "ஒன்றுமில்லை அம்மா, நீ போய்ப் பிள்ளைகளைப் பார்" என்றார். நான் போகவில்லை.

அங்கிருந்த பொறுப்பாளரிடம் நெடியைச் சொன்னேன். "கிருமி போக மருந்து கூடுதலாகப் போட்டிருக்கிறோம்" என்றார் பெருமையோடு. நான் விளக்கினேன். கேட்டுக்கொண்டார், எதுவும் மாறவில்லை. காலையில் நாங்கள் நுழைந்தபோது அந்தக் கூடத்தில் இந்த நெடி துளியும் இல்லை. இரவெல்லாம் காற்று மாறியிருந்தது, நீரில் ஆளே இல்லை. மூன்று மணி நேரக் கூட்டம் போதும், அதே கூடம் வேறோர் இடமாகிவிடுகிறது.

இறங்கும் முன் ஒரு நிமிடம் குளித்தாலே உடம்பின் அழுக்கில் பெரும்பகுதி போய்விடும். ஒரே ஒரு நிமிடம். அதை ஒவ்வொருவரும் செய்திருந்தால் அப்பா இன்று அந்தத் திண்டில் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்காது. என் பிள்ளைகள் அந்த ஒரு நிமிடம் குளித்துவிட்டுத்தான் இறங்கினார்கள். வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளையைத் தயவுசெய்து எந்தக் குளத்திலும் இறக்காதீர்கள், நீச்சல் டயப்பர் அதைத் தடுக்காது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி சரியான அளவு குளோரின் உள்ள நீரிலும் ஏழு நாட்களுக்கு மேல் உயிரோடு இருக்கும். அந்த நோய் வந்தவர்கள், வயிற்றுப்போக்கு நின்றபின்னும் இரண்டு வாரம் நீரில் இறங்கக் கூடாது. கூரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது ஒன்றுதான்.

இரவு விடுதியில் பிள்ளைகள் தூங்கியபின் கணவரிடம் சொன்னேன். நாம் முதலிலிருந்தே தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எந்தப் பூங்கா சிறந்தது என்று கேட்டோம். நம்மில் யார் எங்கே முதலில் தளர்வார் என்று கேட்டிருக்க வேண்டும். சின்னவன் குளிரில் தளர்வான், அப்பா அடைத்த காற்றில் தளர்வார். ஐந்து பேரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொண்டால் யாராவது ஒருவர் விலை கொடுப்பார். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நாளை பிரிந்து போவோம்" என்றார்.

ஐந்தாம் நாள்

நானும் மகனும் உள்ளரங்கத்துக்கு, கதவு திறக்கும் வேளையில். அப்பாவும் மகளும் கணவரும் திறந்தவெளிக்கு. வானம் கழுவிவிட்டதுபோலத் தெளிந்திருந்தது.

நேற்று கற்றதை வைத்து இன்று வாசலிலேயே மூக்கைத் தீட்டினேன். நெடி இல்லை. நீரின் அடித்தரை தெளிவாகத் தெரிந்தது, வடிகால் மூடியின் துளைகளைக்கூட எண்ணலாம். கீற்றிலும் குறை இல்லை. மகன் சின்னச் சறுக்கில் பதினேழு முறை ஏறி இறங்கினான், எண்ணினேன். பதினொரு மணிக்கு முதல் பேருந்துகள் வருவதைக் கண்ணாடிச் சுவர் வழியே பார்த்ததும் கிளம்பிவிட்டோம். அவன் அழவில்லை. விளையாடித் தீர்ந்திருந்தான்.

அங்கே மகளுக்கு, விட்டுப்போன சறுக்குகள் மூன்றும் கிடைத்தன. மூன்றாவது, முழுக்க இருண்ட குழாய். முதலில் பயந்தாளாம், கணவர் அவசரப்படுத்தவில்லையாம். வரிசையில் நின்று, மேலே போய், திரும்பி இறங்கி வந்து, மறுபடி வரிசையில் நின்றாளாம். இரண்டாம் முறை குழாய்க்குள் உட்கார்ந்தாள். இதைத் தொலைபேசியில் அவளே மூச்சுவிடாமல் சொன்னாள். இன்ஹேலர் இன்று லாக்கரில் இல்லை. நீர் புகாத சிறு உறையில், கணவரின் கழுத்தில் தொங்கியது. தேவைப்படவே இல்லை.

மாலை ரயில் நிலையத்தில் ஐவரும் சேர்ந்தோம். இரண்டு பைகளின் ஈரத் துணிகளையும் ஒரே பையில் போட்டுக் கட்டினேன். அப்பாவின் துண்டில் வெயிலின் மணம். மகனுடையதில் எதுவும் இல்லை, நன்றாக மோந்து பார்த்தேன்.

ரயில் நகர்ந்தபின் மகள் என் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துவந்து, இருக்கைகளுக்கு நடுவே நிமிர்ந்து நின்றாள். "தாத்தா, அளந்து பாருங்கள்." அப்பா தன் உள்ளங்கையை அவள் தலைமேல் தட்டையாக வைத்தார், அந்த ஊழியர் செய்ததுபோலவே. 120. இன்னும் இரண்டு. மகன் அதற்குள் என் மடியில் தூங்கிவிட்டான். அவன் கையைப் பிரித்துப் பார்த்தேன், விரல்நுனிகள் பழையபடி வழவழப்பாகியிருந்தன.